1930-களின் இந்தி நடிகை தேவிகா ராணி: இன்னும் மனதை விட்டுப் போகாத காட்சி எது?

பழையரீல்
'கர்மா', 1933. பாம்பு கடித்து இளவரசன் நினைவில்லாமல் கிடக்கிறான். தேவிகா ராணி குனிந்து முத்தமிடுகிறார். "நான்கு நிமிட முத்தம்" என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள், அது எந்தச் சூழலில் வருகிறது என்று யாரும் எழுதுவதில்லை. எதிரே இருப்பவனுக்கு நினைவே இல்லை. காட்சி முழுவதையும் அவர் ஒருவரே தாங்க வேண்டும். உதட்டை வைக்கிறார், முகத்தைப் பார்க்கிறார், மறுபடியும் குனிகிறார். எனக்கு அதில் சல்லாபமே தெரியவில்லை, உயிர் போய்விடுமோ என்ற பதைப்புதான் தெரிகிறது. இளவரசனாகக் கிடப்பவர் அவருடைய கணவர் ஹிமான்ஷு ராய். தயாரிப்பாளரும் அவரே.

அடிக்கணக்கு
பழையரீல் சார் சொல்வது சரி. ஆனால் அந்த நான்கு நிமிடத்தை இப்படியே விட்டுவிடக் கூடாது. 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனித்தனிப் படம். பேசும் படம் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். அப்படியென்றால் நிமிடத்துக்கு 90 அடி, நான்கு நிமிடத்துக்கு 360 அடி. ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிடம்தான் வரும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முத்தம் என்றால் எந்த எடிட்டர் விடுவார்? தனித்தனிச் சிறு முத்தங்களைக் காட்சி நீளத்தோடு சேர்த்து எண்ணியதில் பிறந்த கணக்கு அது.

"இந்திய சினிமாவின் முதல் முத்தம்" என்பதும் தவறு. அதே ஹிமான்ஷு ராய் தயாரித்த 'பிரபஞ்ச பாஷ்' என்ற மௌனப் படத்தில், 1929-லேயே, சீதா தேவியும் சாரு ராயும் முத்தமிடுகிறார்கள். அந்தப் படத்தில் தேவிகா ராணி திரைக்குப் பின்னால் உடை, அலங்கார வேலை பார்த்தார்.

கேட்கீப்பர்மகள்
எனக்கு 'அச்சூத் கன்யா' (1936). கடைசி ரீல். ரயில்வே கேட்டில் வண்டி தண்டவாளத்தில் நிற்க, காதலன் பிரதாப்பும் கணவன் மனுவும் கட்டிப் புரள, கஸ்தூரி (தேவிகா ராணி) வரும் ரயிலை நோக்கி ஓடுகிறாள். நின்று கை காட்டவில்லை, எதிரே ஓடுகிறாள். இதற்கு முன்னாலேயே அவள் அப்பா துக்கியா, கேட் கீப்பர், ஓர் உயிரைக் காப்பாற்ற ரயிலை நிறுத்தி வேலையை இழந்திருக்கிறார். அப்பாவுக்கு வேலை போனது, மகளுக்கு உயிரே போகிறது. கதாசிரியர் நிரஞ்சன் பால் கதையை அப்படி முடிச்சுப் போட்டிருக்கிறார். தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கும் பிராமணப் பையனுக்கும் காதல் என்று மட்டும் சுருக்கிச் சொல்பவர்கள் இந்த முடிச்சைத் தவறவிடுகிறார்கள்.

வெள்ளித்திரை1934
அந்த ஓட்டம் சரி. ஆனால் சேரிப் பெண்ணுக்கு அப்படித் திருத்திய புருவமா? பெர்லின் ஊஃபா ஸ்டூடியோவில் பயிற்சி பெற்ற முகம் அது. ஜெர்மன் ஒளிப்பதிவாளர் யோசஃப் வெர்ஷிங்கின் விளக்கு அமைப்பும் சேர்ந்ததும் கஸ்தூரி கிராமத்தில் ஒட்டவில்லை. குரலும் கீச்சென்றுதான் கேட்கிறது.

தட்டிசை
புருவத்தைப் பற்றி நான் வாதாடவில்லை, அது உண்மை. குரலை விட்டுவிடுங்கள் ஐயா. நீங்கள் கேட்டது அவர் குரல்தானா என்று முதலில் பாருங்கள்.

இணையத்தில் சுற்றும் பிரதிகள் பல, 'பால்' (PAL) என்னும் டிவி முறை வீடியோவிலிருந்து வந்தவை. அதில் விநாடிக்கு 25 ஃபிரேம். 24-ல் எடுத்த படத்தை அப்படியே 25-ல் ஓட்டிவிடுவார்கள். வேகம் நூற்றுக்கு நான்கு கூடும், சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறும். மூன்று நிமிடப் பாட்டு 2 நிமிடம் 53 விநாடியில் முடிந்துவிடும். என்டிஎஸ்சி (NTSC) என்னும் அமெரிக்க டிவி முறைப் பிரதியில் ஃபிரேம்களை இரட்டித்து நிரப்புவதால் வேகம் மாறாது.

சோதிக்க, இரண்டு பிரதிகளில் ஒரே பாட்டின் நீளத்தை அளந்து, பெரியதைச் சிறியதால் வகுத்துப் பாருங்கள். 1.04 வந்தால் வேகக் கோளாறு. வேறு ஏதாவது வந்தால் ஃபிலிம் அறுந்து ஒட்டியதில் சில அடிகள் போயிருக்கும், அதற்கு மருந்து இல்லை. வேகக் கோளாறு என்றால் பிளேயரில் 0.96 வையுங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைக்காவிட்டால் வேகம் குறையும், கீச்சு அப்படியே இருக்கும். கிராமபோன் தட்டை வைத்து ஒப்பிட வேண்டாம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான். பாட்டைச் சுருக்கியிருக்கலாம்.

இதையெல்லாம் செய்துவிட்டு 'அச்சூத் கன்யா'வின் 'மைன் பன் கி சிடியா' பாட்டைக் கேளுங்கள். தேவிகா ராணியும் கதாநாயகன் அசோக் குமாரும் அவர்களே பாடியது, இசை சரஸ்வதி தேவி. அந்தக் காலத்தில் நடிக்கும்போதே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே, மைக் தலைக்கு மேலே கண்ணில் படாமல். முகத்தை அதிகம் திருப்பினால் குரல் விழுந்துவிடும். பாட்டில் இருவரும் ஏன் அவ்வளவு அடங்கி அசைகிறார்கள் என்பதற்கு அதுதான் காரணம்.

பழையரீல்
தட்டிசை சொன்னதோடு ஒன்று. 'ஜவானி கி ஹவா' (1935) படப்பிடிப்பில் நடிகை சந்திரபிரபாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, அக்கா சரஸ்வதி தேவி மறைவில் நின்று பாட, தங்கை வாயசைத்தார். இதை "முதல் பின்னணிப் பாட்டு" என்பார்கள். முன்பே பதிவு செய்து ஓடவிடுவது வேறு, பக்கத்தில் நின்று அந்த நேரத்திலேயே பாடுவது வேறு. முதல் வகை அதே ஆண்டு கல்கத்தா நியூ தியேட்டர்ஸின் 'தூப் சாவோன்' படத்தில் வந்தது.

கேட்கீப்பர்மகள்
வெள்ளித்திரை அவர்களே, புருவம் எனக்கும் உறுத்தும். ஆனால் ரயில் வரும் காட்சியில் புருவமா தெரிகிறது?

மலாட்
திரையில் அவரைக் காணாத ஓர் இடம்தான் என்னைத் துரத்துகிறது. ஹிமான்ஷு ராய் 1940-ல் இறந்த பிறகு பம்பாய் மலாடில் பாம்பே டாக்கீஸ் ஸ்டூடியோவை நடத்தியவர் தேவிகா ராணி. அங்கே வேலை பார்த்த ஜெர்மன்காரர்கள் இல்லை, போர் தொடங்கியதும் அவர்களை ஆங்கிலேய அரசு பிடித்து அடைத்துவிட்டது. 1943-ல் தயாரிப்பாளர் சசதர் முகர்ஜி, அசோக் குமார் கூட்டம் பிரிந்துபோய் ஃபில்மிஸ்தான் ஸ்டூடியோவைத் தொடங்கியது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இளைஞன் வேலை தேடி வந்தான். தேவிகா ராணி அவனிடம் உருது தெரியுமா என்று கேட்டார், நடிக்க வருகிறாயா என்றார், 1,250 ரூபாய் என்றார். வருடச் சம்பளம் என்றே அவன் நினைத்துக்கொண்டான். விசாரித்தபோதுதான் மாதச் சம்பளம் என்று தெரிந்தது. யூசுஃப் கான் என்ற பெயரை மாற்றியதும் அங்கேதான். 1944-ல் 'ஜ்வார் பாட்டா' படத்தில் திலீப் குமார் என்று வந்தான். அடுத்த ஆண்டே தேவிகா ராணி பங்குகளை விற்றுவிட்டு, ஓவியர் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக்கை மணந்துகொண்டு, சினிமாவை விட்டே போய்விட்டார்.