நான்காவது மணி நேரத்தில் கவனம் கைவிட்டுப் போவது ஏன்?

கேள்வி: திருச்சி ஆட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) ரேட்டிங் சதுரங்கப் போட்டிகளில் ஆடி வருகிறேன். என் ரேட்டிங் 1700-ஐ ஒட்டி நிற்கிறது. நான் கலந்துகொள்ளும் ஓப்பன் போட்டிகளில் ஒவ்வொருவருக்கும் 90 நிமிடமும், முதல் நகர்த்தலிலிருந்தே நகர்த்தலுக்கு 30 விநாடியும் தருகிறார்கள். ஆட்டம் 60 நகர்த்தல் வரை நீண்டால் நான்கு மணி நேரம் ஆகிவிடுகிறது. முதல் இரண்டு மணி நேரம் எனக்குச் சிரமமே இல்லை. அதன் பிறகு பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தும் அதில் இருப்பதைக் காணாதவனாகிவிடுகிறேன். சென்ற மாதம் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த யானை இறுதியாட்டத்தில், ராஜாவையும் யானையையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே செக்கில் யானையைப் பறிகொடுத்தேன். அன்று காலையிலும் ஒரு சுற்று ஆடியிருந்தேன். இது உடல் சோர்வா, பயிற்சிக் குறைவா? நீண்ட ஆட்டங்களில் பழகியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: நாற்பது ஆண்டு ஆடியவன்

வணக்கம். நான்கு மணி நேரமும் ஒரே அழுத்தத்தில் கவனத்தைப் பிடித்து வைக்க முயல்வதுதான் முதல் தவறு என்று நினைக்கிறேன். அப்படி யாராலும் முடியாது. முன்னாள் உலகச் சாம்பியன் போட்வின்னிக் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார். தன் கடிகாரம் ஓடும்போது குறிப்பிட்ட நகர்த்தல் வரிசைகளைக் கணக்கிடுவார். எதிராளியின் கடிகாரம் ஓடும்போது, எந்தச் சிப்பாய் பலவீனம், எந்தக் காய் வேலையின்றி நிற்கிறது என்பது போன்ற பொது விஷயங்களை மட்டும் எண்ணுவார். இரண்டு வேளையும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால், முப்பதாவது நகர்த்தலுக்குள் மனம் களைத்துவிடும்.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது வேறொன்று. நீங்கள் தோற்றது கடினமான நிலையில் அல்ல, ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்த நிலையில். நெருக்கடி தளர்ந்த கணத்தில்தான் கவனமும் தளர்கிறது. 2021-இல் துபாயில் கார்ல்சனுக்கும் நெப்போம்னியாச்சிக்கும் இடையே நடந்த உலகச் சாம்பியன் ஆட்டத்தொடரை நினைத்துப் பாருங்கள். ஆறாவது ஆட்டம் 136 நகர்த்தல், ஏழே முக்கால் மணி நேரம், கார்ல்சன் வென்றார். நான்கு நாள் கழித்து ஒன்பதாவது ஆட்டத்தில், தோற்கும் நிலையில் சிறிதும் இல்லாத நெப்போம்னியாச்சி, 27-ஆம் நகர்த்தலில் சிப்பாயை சி5 கட்டத்துக்குத் தள்ளினார். கார்ல்சன் தன் சிப்பாயை சி6-க்கு நகர்த்தியதும் பி7-இல் இருந்த வெள்ளை பிஷப் திரும்பும் வழியின்றி அகப்பட்டுக்கொண்டது. கிளப் ஆட்டக்காரர்கூடக் காணக்கூடிய பதில் அது. அத்தகையவருக்கே நேர்ந்தது உங்களுக்கும் எனக்கும் நேர்வதில் வியப்பில்லை.

ஆகவே நகர்த்தலை முடிவு செய்த பின், கையை நீட்டுவதற்கு முன், ஒரு தொடக்கநிலை ஆட்டக்காரரின் கண்ணோடு பலகையை மீண்டும் ஒருமுறை பாருங்கள்: எதிராளிக்கு என்ன செக் இருக்கிறது, எதை வெட்ட முடியும்? ப்ளூமென்ஃபெல்ட் என்ற பழைய ரஷ்ய மாஸ்டர் சொன்ன வழி இது. நகர்த்தலை முதலில் ஆட்டக் குறிப்புத் தாளில் எழுதிவிட்டு, பிறகு பார்க்கச் சொன்னார்.

பதில்: நடுவர் பணியில் இருப்பவர்

மேலே சொன்னதில் ஒரு திருத்தம் அவசியம். நகர்த்துவதற்கு முன்பே தாளில் எழுதுவதை இன்றைய ஃபிடே விதி தடை செய்கிறது. சமநிலை கோரும்போது அதற்கு விலக்கு உண்டு. பார்வையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எழுதுவதை விட்டுவிடுங்கள்.

அதே தாளில், ஒவ்வொரு நகர்த்தலின் அருகிலும் கடிகாரத்தில் மிச்சமுள்ள நேரத்தைக் குறிக்க விதி அனுமதிக்கிறது. இதை மிகச் சிலரே செய்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம். எந்த இடத்தில் மனம் தடுமாறியது என்பதை நினைவைவிட அந்த எண்கள் உண்மையாகச் சொல்லும். முதல் இருபது நகர்த்தலில் 75 நிமிடத்தைச் செலவிட்டவர், பிறகு 30 விநாடிக் கூடுதலை நம்பியே ஆட நேர்கிறது. அங்கே குறைவது கவனமா நேரமா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

எழுந்து நடப்பது நல்லதே. உங்கள் முறை வந்தபின் ஆடுமிடத்தை விட்டு வெளியேற நடுவரின் அனுமதி வேண்டும். எதிராளியின் முறையில் தாராளமாக எழுந்து செல்லலாம். ஆனால் திரும்பி வந்து நாற்காலியில் முழுதாக அமர்வதற்குள் காயைத் தொடுபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அடுத்த மேசைகளின் நிலைகள் இன்னும் அவர்கள் கண்ணில் இருக்கும். அமர்ந்ததும் ஒரு நிமிடம் கைகளை மடியில் வைத்திருங்கள்.

பதில்: இரு பிள்ளைகளின் தாய்

என் மகனும் மகளும் ஆடுகிறார்கள். ஆட்ட நுணுக்கம் எனக்குத் தெரியாது. இரண்டு சுற்றுக்கும் இடையே வயிறு நிறையச் சோறு உண்ட நாட்களில் இருவருமே பிற்பகல் ஆட்டத்தில் சோர்ந்தார்கள். இப்போது இரண்டு இட்லியோ கொஞ்சம் தயிர் சாதமோ கொடுத்து, மூன்றாவது மணி நேரத்துக்கென்று ஒரு வாழைப்பழமும் வேகவைத்த வேர்க்கடலையும் கையில் தருகிறேன். முதல் சுற்று ஆட்டத்தை இடைவேளையில் அலசக் கூடாது என்பதும் எங்கள் வீட்டு வழக்கம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நல்வாய்ப்பாக, இந்த ஆண்டு முழுவதும் நான் ஆடிய ஆட்டங்களின் கடிகார நேரத்தைப் பத்து நகர்த்தலுக்கு ஒருமுறை தாளில் குறித்திருந்தேன். நடுவர் ஐயா சொன்னபின் தோற்ற ஆட்டங்களை எடுத்துப் பார்த்தேன். சென்ற மாத ஆட்டத்தில் யானையை இழந்தபோது என்னிடம் 20 நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்திருக்கிறது. சிப்பாயை வென்ற பிறகு ஆடிய பத்து நகர்த்தலுக்கு மொத்தமாக நான்கு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. களைத்துப்போனேன் என்று இதுநாள்வரை நம்பியிருந்தேன்; ஆட்டம் முடிந்துவிட்டதாக நினைத்து விரைந்திருக்கிறேன். வரும் போட்டியில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நேரம் குறித்து, அந்தத் தாள்களை இங்கே பகிர்கிறேன்.