அப்பாவின் குதிரை அம்மாவைக் கண்டு விலகுகிறது, என்ன செய்யலாம்?

தெகிவளை மகள் (கேள்வி)
அப்பா காலமாகி அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அவருடைய குதிரை கொழும்பில் ஒரு லாயத்தில் நிற்கிறது. அம்மா போய் அதன் முகத்தைக் கட்டிப்பிடித்து அழுகிறார். அது தலையை இழுத்துக்கொண்டு விலகுகிறது. "இதுக்கும் நான் வேண்டாமாம்" என்று இன்னும் உடைந்துபோகிறார். அவருக்கு அதனிடம் ஆறுதல் கிடைக்க வழி உண்டா? சவாரி பழக்கலாமா?

லாயப்பக்கம்
தங்கச்சி, குதிரைக்கு அம்மாவில் வெறுப்பு இல்லை. அதன் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழும் இருப்பது அதற்குத் தெரியாது. ஓடித் தப்பும் பிராணி அது. முகத்தைக் கட்டிப்பிடித்தால் அகப்பட்டுவிட்டோம் என்றுதான் நினைக்கும்.

இடது தோள்பக்கமாக, மெல்லக் கதைத்தபடி போகச் சொல்லுங்கள். புறங்கையை நீட்டி, அது மணந்து பார்க்கும்வரை நிற்கட்டும். பிறகு பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டை விரல் நுனியால் நன்றாகச் சொறியட்டும், தட்ட வேண்டாம். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துவிடுவதும் அங்கேதான். அந்த இடத்தைச் சொறியும்போது குதிரையின் இதயத்துடிப்பு குறைவதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். தலை தாழ்ந்து கீழுதடு தொங்கினால் அதற்குப் பிடித்திருக்கிறது. காது பின்னால் படிந்தாலோ, ஈ இல்லாமலே வாலை அடித்தாலோ, கையை எடுத்து ஓரடி விலக வேண்டும். அப்படி விட்டுக்கொடுத்தால்தான் நாளைக்குத் தானாகப் பக்கத்தில் வரும்.

அதற்குப் பழகியபின் உடம்பு தேய்க்கும் வேலையை அம்மாவிடமே கொடுங்கள். றப்பர் பிரஷ்ஷால் கழுத்து, தோள், விலா, பின்தொடை என்று வட்டமாகத் தேய்க்க வேண்டும். முகத்திலும் முழங்காலுக்குக் கீழும் அது வேண்டாம், எலும்பில் பட்டு நோகும். அடுத்தது தும்புப் பிரஷ், மயிர் படுகிற பக்கமாக. இருபது நிமிடம் போதும். இரண்டு கையும் ஒரே தாளத்தில் ஓடும்போது மூச்சும் தானாக நீளும். என் எண்ணத்தில் ஆறுதலின் பெரும்பகுதி இந்த வேலையில்தான் இருக்கிறது. அழுகை வந்தால் அழட்டும், அடக்க வேண்டாம். மூச்சைப் பிடித்து உடம்பை இறுக்குவதுதான் குதிரையைக் கலைக்கும். மனித முகத்தையும் அது வாசிக்கும்: 2016இல் வெளியான சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், கோப முகப் படங்களைக் கண்ட குதிரைகளுக்கு இதயத்துடிப்பு விரைவாக ஏறியது.

ஈரக்காற்று
நேரத்தையும் பாருங்கள். குதிரை வியர்த்துத்தான் உடம்பைத் தணிக்கிறது. கொழும்பின் ஈரப்பதனில் வியர்வை காயாது. காலமை எட்டு மணிக்கு முன்னர், அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு போகட்டும்.

இன்னொன்று, செலவுவீட்டில் மிஞ்சிய சோறு, வடை, பாயாசம் எதையும் கொடுக்க விடாதீர்கள். மாச்சத்து ஒரேயடியாகக் கூடினால் வயிற்றுக்குத்து வரும், குளம்பின் உள்ளே அழற்சியும் வரலாம். ஆசைக்கு ஒரு கரட், நீளவாக்கில் கீறி, வாளியில் போடுங்கள். வட்டமாக வெட்டினால் தொண்டையில் அடைக்கும். கையில் கொடுத்துப் பழக்கினால் கடிக்கத் தொடங்கும்.

நாடி பார்ப்பவர்
அப்பாவோடு இருந்த ஒழுங்கு குலைந்ததைக் குதிரையும் உணரும். தீனி நேரத்தையும் பழகிய ஆளையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். அம்மாவிடம் ஒரு கொப்பி கொடுத்து, தினமும் குடித்த தண்ணீர், தின்ற புல், சாணம், நாடி நான்கையும் எழுதச் சொல்லுங்கள். தாடை எலும்பின் உள்விளிம்பில் இரத்தக்குழாய் உருளும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 சரி. ஓய்விலேயே 60ஐத் தாண்டினாலோ, தீனியை விட்டுவிட்டு வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

சவாரி இப்போது வேண்டாம். துக்கத்தில் நித்திரையில்லாத உடம்பு தொடையை இறுக்கும், கடிவாளத்தை இழுக்கும். 'போ' என்றும் 'நில்' என்றும் ஒரே நேரத்தில் சொன்னால் குதிரை மிரளும். கயிற்றோடு நடத்திப் போகலாம். கயிற்றை மடித்துப் பிடிக்க வேண்டும், கையில் சுற்றவே கூடாது.

லாயத்திலிருந்து வந்தும் அம்மா சாப்பிடாமல், வாழ்க்கையே வேண்டாம் என்று கதைத்தால் குதிரையை நம்பி இருக்காதீர்கள். 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

தெகிவளை மகள்
மிக்க நன்றி. அம்மாவுக்கு முழங்கால் வலி, குனிய ஏலாது. குளம்பு சுத்தம் செய்யும்போது சும்மா நிற்பதா?

லாயப்பக்கம்
குளம்பைக் குதிரைக்காரர் பார்க்கட்டும். அம்மா தலைக்கயிற்றைப் பிடிக்கலாம். நேர் முன்னால் நிற்காமல், குதிரைக்காரர் நிற்கும் அதே பக்கத்தில் நிற்க வேண்டும். குதிரை துள்ளினால் தலையைத் தம் பக்கம் திருப்பினால் போதும், பின்கால் இருவரையும் விட்டு அப்பால் போய்விடும்.