பழைய போர்ஷே 911: பின்சக்கரமா, நாலு சக்கரமா? கனடாவின் மிசிசாகாவிலிருந்து ஒரு சந்தேகம்

கேள்வி: மிசிசாகா வாசி

எல்லாருக்கும் வணக்கம். பதினைந்து வருட ஆசை இந்த வசந்தத்தில் கைகூடும் போலிருக்கிறது. 997 என்று கம்பெனி எண் கொடுத்த தலைமுறை போர்ஷே 911 வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 2007, 3.8 லிட்டர், 355 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல்.

முதலாவது கரேரா எஸ், பின்சக்கரம் மட்டும் இழுப்பது. 96,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பதினோரு வருடமாக ஒருவர் கையிலேயே இருந்த கார். ஆயில் மாற்றிய ஒவ்வொரு பில்லையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறார்.

இரண்டாவது கரேரா 4எஸ், நாலு சக்கரமும் இழுப்பது. 71,000 கி.மீ. நாலு கை மாறியிருக்கிறது. பின்பக்கம் 44 மி.மீ. அகலம் கூடுதல். அந்த அகலம் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

"பனியில வழுக்காத வண்டியா பார்த்து வாங்குங்க" என்கிறாள் மனைவி. வேலைக்குப் போக வேறு கார் இருக்கிறது. ஆனாலும் குளிர்காலத்தில் சாலை காய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதை எடுக்க ஆசை.

இன்னொன்று. 4எஸ்ஸை ஓட்டிப் பார்த்த காலை 3 டிகிரி குளிர். பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து ரிவர்ஸ் எடுத்தபோது முன்சக்கரங்கள் தத்தித் தத்தி வந்தன. ஸ்டியரிங்கிலேயே அந்த உதறல் தெரிந்தது. நாலு சக்கர அமைப்பில் கோளாறா? பின் டயர்கள் புதிது. முன் டயர்கள் தேய்ந்தவை, வேறு கம்பெனி.

பதில்: மூன்றாம் கியர்

வாழ்த்துகள். 997 கரேரா எஸ் என்னிடம் ஆறு வருடமாக இருக்கிறது, அதனால் என் பக்கச்சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

911-இல் எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. காரின் எடையில் ஏறக்குறைய 62 சதவீதம் பின்னால். அதனால் முன்னால் எஞ்சின் வைத்த மற்ற பின்சக்கர கார்களைப் போல ஈரச் சாலையில் சக்கரம் சும்மா சுழலாது, பிடித்துத் தள்ளும். கவனிக்க வேண்டியது வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பதை. அந்த நேரத்தில் எடை முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் லேசாகும். அதுவே 4எஸ்ஸிலும் நடக்கும், கொஞ்சம் மெதுவாக.

உங்கள் வருட 4எஸ்ஸில் எஞ்சினின் இழுப்பில் முன்சக்கரங்களுக்குப் போவது 5 முதல் 40 சதவீதம் வரைதான். சாதாரண ஓட்டத்தில் அதுவும் பின்சக்கர கார் மாதிரியேதான் நடந்துகொள்ளும். எடை ஐம்பது கிலோவுக்கு மேல் கூடுதல். முன்பக்கம் கொஞ்சம் கனம். ஸ்டியரிங்கில் சாலை பேசுவது எனக்குக் கரேரா எஸ்ஸில்தான் தெளிவாகக் கேட்கிறது.

முக்கியமாக ஒன்று: நாலு சக்கர இழுப்பு கிளம்பத்தான் உதவும். நிற்க உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. நிறுத்துவது டயர். 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் கல்லாகிவிடும். அப்போது கோடை டயரோடு இருக்கும் 4எஸ்ஸை விட விண்டர் டயர் போட்ட கரேரா எஸ் பல மீட்டர் முன்னதாக நின்றுவிடும்.

பதில்: ஸ்கார்பரோ மெக்கானிக்

தம்பி, அந்தத் தத்தலுக்குப் பயப்படுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அதே மாதிரிக் குளிர்ந்த காலையில், அதே பார்க்கிங்கில், கரேரா எஸ்ஸையும் முழுதாக ஒடித்து ரிவர்ஸ் எடுங்கள். அதுவும் தத்தினால் நாலு சக்கர அமைப்பின் மேல் பழி இல்லை. முழுதாக ஒடித்தால் உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் வேறு வேறு கோணத்தில் திரும்ப வேண்டும். இந்தக் கார்களின் அமைப்பு வேக ஓட்டத்துக்காக வைத்தது. அதனால் ஒரு டயர் பக்கவாட்டில் இழுபடும். குளிரில் இறுகிய அகல டயர் வளைந்து கொடுக்காமல், பிடித்துப் பிடித்து விட்டுவிடும். டயர் சூடானதும் குறையும்.

எனக்கு உறுத்துவது டயர் கதைதான். 4எஸ்ஸில் முன்னால் 235/35, பின்னால் 305/30, இரண்டும் 19 அங்குலம். முன் சக்கரமும் பின் சக்கரமும் சுற்றும் கணக்கைக் கம்பெனி பார்த்து வைத்திருக்கிறது. முன்னால் தேய்ந்தது, பின்னால் வேறு கம்பெனியில் புதிது என்றால் அந்தக் கணக்கு தவறும். முன்பக்க டிஃபரன்ஷியலோடு (இரண்டு முன்சக்கரங்களுக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) இருக்கும் விஸ்கஸ் கப்ளிங்கினுள் தட்டுகளும் கெட்டியான சிலிக்கான் எண்ணெயும் இருக்கின்றன. முன்னும் பின்னும் வேகம் மாறுபட்டால் அந்த எண்ணெய்தான் சூடாகி இழுப்பை முன்னுக்குக் கடத்தும். எப்போதோ வழுக்கும்போது நடக்க வேண்டிய வேலை, நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போதும் நிற்காமல் நடந்தால் எண்ணெய் கெட்டுவிடும். நாலு கை மாறிய காரில் இது எத்தனை காலமாக நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம், இரண்டு காருக்கும் பொதுவான பெரிய விஷயம் எஞ்சின். ஐ.எம்.எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங்) பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். 2007-இல் இருப்பது பெரிய பேரிங், அபூர்வமாகத்தான் போகிறது. உண்மையான பயம் சிலிண்டர் சுவரில் விழும் கீறல். நம் ஊர்க் குளிர் அதற்கு நல்லதில்லை. குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் சத்தம், ஆயில் குறைவது, ஒரு பக்கப் புகைக் குழாயில் மட்டும் கரி: இவை அடையாளங்கள். ஆனால் அடையாளம் இல்லாமலும் கீறல் இருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கேமரா விட்டு, ஆறு சிலிண்டரையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முதலில் ஆறாவது சிலிண்டர். விற்பவர் சம்மதிக்கவில்லையா, காரை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பதில்: சட்பரி குளிர்

ஒரு மாற்றுக் கருத்து. நான் ரொறன்ரோவுக்கு வடக்கே நாலு மணி நேரம் தள்ளி இருக்கிறேன். எனக்கு வேறு கார் கிடையாது. ஐந்து குளிர்காலமாக 4எஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். பனி அள்ளும் வண்டி விடியற்காலை வீட்டு வாசலில் ஒரு வரப்பு கட்டிவிட்டுப் போகும். அதைத் தாண்டி மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் இரண்டும் கடித்து இழுப்பதை உட்கார்ந்திருக்கும்போதே உணரலாம். பின்சக்கரம் மட்டும் இருந்தால் மண்வெட்டி எடுத்திருப்பேன். ஆனால் என் காரில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை விண்டர் டயர்தான். நாலும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானம்.

விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. உப்பு, அடிப்பக்கத்து போல்ட்களைத் தின்கிறது. முன் டிக்கியும் 4எஸ்ஸில் சிறிது: 135 லிட்டருக்குப் பதில் 105. முன்பக்கத்து அச்சுகளுக்கு இடம் வேண்டுமே.

காய்ந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு சக்கரம் வேண்டாம். தினமும் வேண்டும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்: மிசிசாகா வாசி

எல்லாருக்கும் நன்றி. மெக்கானிக் அண்ணா சொன்ன சோதனையைச் செய்தேன். 2 டிகிரியில் கரேரா எஸ்ஸும் அப்படியே தத்தியது! 4எஸ்ஸை நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒடித்தேன், பாதிகூடத் தத்தவில்லை. ஆக, கோளாறு இல்லை.

ஆனால் கேமரா என்றதும் 4எஸ் விற்பவர் முகம் மாறிவிட்டது. "சேஃப்டி சான்றிதழ் தருகிறேனே, அது போதாதா" என்றார். அந்தச் சான்றிதழ் பிரேக், டயர், விளக்கு போன்றவற்றைத்தான் பார்க்கும், சிலிண்டரை அல்ல என்றேன். முடியவே முடியாது என்றுவிட்டார்.

கரேரா எஸ்காரர் தானே கூட வந்து நின்றார். திரையில் ஆறு சிலிண்டரையும் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். தொழிற்சாலையில் போட்ட குறுக்குக் கோடுகள் மெல்லிய வலை போல அப்படியே இருந்தன; நெடுக்காக ஒரு கீறலும் இல்லை. தண்ணீர் பம்பில் மட்டும் கசிவு, வெளியே வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அதன் செலவை விலையில் குறைத்துக்கொண்டார்.

மனைவியிடம் நிறுத்தும் தூரத்தைச் சொல்லிப் புரியவைத்தேன். "அப்ப டயரை முதல்ல வாங்குங்க" என்றாள்.

பதில்: ஸ்கார்பரோ மெக்கானிக்

நல்ல முடிவு தம்பி. விண்டர் டயரை அக்டோபரிலேயே மாட்டுங்கள். மாட்டியதும் இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லுங்கள். நம் ஒன்ராறியோ மாகாணத்தில் 2016 முதல் அதற்குத் தள்ளுபடி தந்தே ஆக வேண்டும். பக்கத்து மாகாணமான கியூபெக் பக்கம் போவதாக இருந்தால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படியே கட்டாயம். பம்ப் மாற்றும்போது தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், கை வைக்கிற இடம் ஒன்றுதான்.