லினக்ஸ் சர்வருக்கு டயல் செய்தால் மோடம் இணைகிறது, உடனே துண்டித்துவிடுகிறது: உதவி தேவை

கிடங்குக்கணினி:
வணக்கம். எங்கள் அலுவலகத்தின் லினக்ஸ் சர்வரில் ஒரு மோடத்தைப் பொருத்தி, ஊருக்கு வெளியே உள்ள கிடங்கின் கணினியிலிருந்து தொலைபேசி வழியாக அதனோடு இணைய முயன்று வருகிறேன். மணி அடித்ததும் சர்வரின் மோடம் எடுக்கிறது, வழக்கமான கீச்சொலி கேட்கிறது, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படுவதாகக் கிடங்கின் கணினியில் செய்தி வருகிறது, சற்று நேரத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது. கடவுச்சொல் சரியானதுதான், அதே பெயரில் சர்வரின் முன் அமர்ந்து நுழைய முடிகிறது. மாதக் கடைசிக்குள் கிடங்கின் இருப்புக் கணக்கு அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும் என்பதால், அறிந்தவர்கள் விரைந்து வழி சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நெல்லைவாசி:
நண்பரே, எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று சொல்லவில்லை. கிடங்கில் இருப்பது விண்டோஸ் 95ஆ, 98ஆ, 2000மா? மோடம் கணினிக்குள் செருகும் அட்டையா, வெளியே வைக்கும் பெட்டியா? அறுந்தபோது திரையில் ஒரு பிழை எண் வந்திருக்கும், அது என்ன? இவை தெரியாமல் நாங்கள் சொல்வதெல்லாம் ஊகமாகவே இருக்கும்.

பழையமோடம்:
எனக்கு இதில் ஐயமே இல்லை, இது தொலைபேசிக் கம்பியின் இரைச்சல். ஊருக்கு வெளியே போகும் இணைப்புகளில் மழை பெய்தாலே கரகரப்பு வரும். தொலைபேசியை எடுத்து ஓர் எண்ணை மட்டும் அழுத்திவிட்டு, அமைதியான வரியில் கரகரப்பு கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் மோடத்தின் உச்ச வேகத்தை 14,400க்குக் குறைத்து முயலுங்கள். நான் பார்த்த கிளை அலுவலகச் சிக்கல்களில் பெரும்பாலானவை அப்படித்தான் தீர்ந்தன.

வேர்ப்பயனர்:
இங்கே கேள்வி கேட்பவர்கள் முதலில் பிபிபிடியின் (தொலைபேசி வழி இணைப்பை பிபிபி என்னும் நெறிப்படி நடத்தும் லினக்ஸ் நிரலின்) கையேட்டுப் பக்கத்தையாவது ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு வர வேண்டும் என்று பலமுறை எழுதியிருக்கிறேன். அதன் ஆப்ஷன்ஸ் கோப்பில் டீபக் என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, சிஸ்லாக் என்னும் பதிவு நிரலில் டீமன் (பின்னணி நிரல்) வகைப் பதிவுகளை ஒரு கோப்புக்குத் திருப்பினால், இரு முனைகளும் பேசிக்கொள்வது முழுவதும் வரிவரியாகக் கிடைக்கும். அந்தப் பதிவு இல்லாமல் வரும் கேள்விக்கு விடை சொல்வது இரு தரப்புக்கும் நேர விரயம்.

கிடங்குக்கணினி:
விடையளித்த அனைவருக்கும் நன்றி. சர்வரில் ரெட்ஹாட் 7.3, கிடங்கில் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு. இரு பக்கமும் வெளியே வைக்கும் 56கே மோடம். சர்வரில் முதல் சீரியல் போர்ட்டில், அதாவது டிடிஒய்எஸ்0இல், இணைத்திருக்கிறேன். பிழை எண் 650. பிணையக் கோரிக்கைக்கு எதிர்முனைக் கணினி விடையளிக்கவில்லை என்று அதன் விளக்கம் சொல்கிறது. வேர்ப்பயனர் ஐயா சொன்னபடி டீபக் சேர்த்தேன். ஆனால் பதிவுக் கோப்பில் பிபிபிடி பற்றி ஒரு வரிகூட வரவில்லை.

மின்வழி:
ஒரு வரிகூட வரவில்லை என்பதே இதுவரை கிடைத்த செய்திகளில் மிக முக்கியமானது. பிபிபிடி தோற்கவில்லை, அது தொடங்கவே இல்லை என்று அதற்குப் பொருள். கடவுச்சொல்லை யாரும் கேட்கும் கட்டத்துக்கே நீங்கள் வரவில்லை. விண்டோஸ் காட்டும் அந்தச் செய்தியை நம்ப வேண்டாம், மோடங்கள் இணைந்ததுமே அது அப்படித்தான் சொல்லும்.

ஒரு சோதனை செய்யுங்கள். சர்வர் தொடங்கும்போது எந்த நிரல்களை இயக்குவது என்று சொல்லும் இனிட்டாப் கோப்பில் டிடிஒய்எஸ்0க்கு உரிய வரியைத் தற்காலிகமாக முடக்கிவிட்டு, மோடத்தோடு நேரே பேச உதவும் மினிகாம் நிரலில் அந்தப் போர்ட்டைத் திறந்து வையுங்கள். கிடங்கிலிருந்து ஒருவரை டயல் செய்யச் சொல்லி, மணி அடிக்கும்போது மோடம் தானாக எடுக்காவிட்டால் எடுக்கும் கட்டளையை நீங்களே தட்டுங்கள். இணைந்தபின் எதையும் தட்டாமல் திரையைப் பாருங்கள். அங்கே என்ன எழுத்துகள் வருகின்றன என்பதையும், இனிட்டாப்பின் அந்த வரியில் எந்தக் கெட்டி நிரல் (போர்ட்டில் வருபவரிடம் பயனர்பெயரைக் கேட்கும் நிரல்) இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

கிடங்குக்கணினி:
செய்தேன். சில நொடிகளுக்கு ஒருமுறை திரையில் குப்பை எழுத்துகள் வருகின்றன. அவற்றில் படிக்க முடிந்தவை ~ }# !}!} } போன்ற குறிகள்; நடுவே ஏதேதோ உருக்கள். இனிட்டாப்பில் ஏகெட்டி இருக்கிறது.

பழையமோடம்:
நான் முதலிலேயே சொன்னேன். குப்பை எழுத்து வந்தால் அது கம்பி இரைச்சல். இணைப்பகத்தில் புகார் எழுதிக் கொடுங்கள்.

மின்வழி:
பழையமோடம் அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இங்கே அந்த முடிவு பொருந்தவில்லை. இரைச்சல் ஒருமுறை வந்ததுபோல் மறுமுறை வராது, இடைவெளி பார்த்தும் வராது. மேலும் இத்தகைய மோடங்கள் வி.42 என்னும் பிழைதிருத்த முறையில் பேசுகின்றன. கெட்டுப்போன தொகுதியை எதிர்முனை மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்வதால், கம்பியில் இரைச்சல் இருந்தால் வேகம் குறையுமே தவிர, திரையில் தவறான எழுத்தாக அது தெரியாது.

அந்த எழுத்துகளைக் கவனியுங்கள். பிபிபியில் ஒவ்வொரு சட்டகமும் (தரவுத் தொகுதியும்) பதினாறின் அடிமானத்தில் 7ஈ என்ற எண்ணோடு தொடங்கும். திரையில் அதுவே ~ என்ற குறி. அடுத்து முகவரிக்கு உரிய எண், அது உருவற்ற குப்பையாகத் தெரியும். அதன்பின் கட்டுப்பாட்டுக்கு உரிய 03. 20க்குக் கீழான எண்களை அப்படியே அனுப்பினால் வழியில் உள்ள கருவிகள் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அவற்றின் முன் } என்ற குறியை வைத்து, எண்ணோடு 20ஐக் கூட்டி அனுப்புவது நெறி. ஆகவே 03 என்பது }# ஆகிறது, 01 என்பது }! ஆகிறது. நீங்கள் பார்த்தது அதுதான்: எல்சிபி நெறிப்படி, இணைப்பை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸ் அனுப்பும் முதல் கோரிக்கை. விடை வராததால் அதையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது.

ஆக, கம்பியும் மோடமும் கேபிளும் நன்றாகவே வேலை செய்கின்றன. விண்டோஸ் எடுத்த எடுப்பிலேயே பிபிபி பேசுகிறது. ஏகெட்டியோ பயனர்பெயரைத் தட்டச்சு செய்யும் ஒரு மனிதர் எதிரில் இருப்பதாக எண்ணிக் காத்திருக்கிறது. ஒருவர் பேசும் மொழியை மற்றவர் எதிர்பார்க்கவே இல்லை.

இதை உறுதிசெய்ய இன்னொரு வழியும் உண்டு. இனிட்டாப் வரியை மீண்டும் இயக்கிவிட்டு, விண்டோஸ் 98இல் மோடத்துக்கான தெரிவுகளில், டயல் செய்தபின் டெர்மினல் சன்னலைத் திறக்கும் தெரிவைக் குறித்துக்கொண்டு டயல் செய்யுங்கள். அங்கே லாகின் என்ற சொல் பிசிறில்லாமல் வந்தால், இரைச்சல் பற்றிய பேச்சு முடிந்தது.

வேர்ப்பயனர்:
விளக்கம் சரி. ஆனால் தீர்வைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். ஏகெட்டியை எடுத்துவிட்டு எம்கெட்டியைப் போட வேண்டும் என்பது இந்தத் துறையில் இருப்பவர் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. எம்கெட்டி வந்து விழும் எழுத்துகளைப் பார்த்து, பிபிபி சட்டகமாக இருந்தால் நேரே பிபிபிடியை அழைக்கும். மனிதர் தட்டச்சு செய்தால் லாகினை அழைக்கும். லாகின்.கான்ஃபிக் கோப்பில் ஆட்டோபிபிபி என்று தொடங்கும் வரியின் முன்னால் # குறி இருந்தால் நீக்க வேண்டும். மூலத்திலிருந்து தொகுப்பவர்கள் அந்தத் தெரிவைச் சேர்த்துத் தொகுக்க வேண்டும். மோடம் தானாக எடுக்கும் அமைப்பையும் சுழியமாக்க வேண்டும், ஏனென்றால் மணியைக் கேட்டு எடுப்பது எம்கெட்டியின் வேலை.

நெல்லைவாசி:
இடையில் ஒரு கேள்வி. இரு பக்கமும் 56கே மோடம் என்றாரே, அப்படியானால் 56கே வேகம் கிடைக்குமா? எங்கள் அலுவலகத்தில் இதேபோல் செய்தபோது 33,600ஐத் தாண்டவில்லை. மோடத்தில் குறை என்று விற்றவரிடம் மாற்றிக் கேட்டோம்.

வேர்ப்பயனர்:
மோடத்தில் குறை இல்லை. 1998இல் ஏற்கப்பட்ட வி.90 நெறியில், ஒரு முனை தொலைபேசி இணைப்பகத்தோடு எண்முறையில் (டிஜிட்டலாக) இணைந்திருக்க வேண்டும். இணையச் சேவை நிறுவனங்கள் இ1 போன்ற எண்முறைத் தடங்களை வைத்திருப்பதால்தான் அவர்களை அழைக்கும்போது அந்த வேகம் கிடைக்கிறது. சாதாரணக் கம்பியில் மாட்டிய இரு மோடங்கள் ஒன்றோடொன்று பேசினால் வி.34 என்னும் முந்தைய நெறியின் உச்சமான 33,600தான் எல்லை.

பழையமோடம்:
இதை ஏற்க முடியாது. எங்கள் கிளையில் இரு பக்கமும் சாதாரணக் கம்பிதான். இணைந்ததும் விண்டோஸ் 1,15,200 என்றே காட்டுகிறது. கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது?

மின்வழி:
அண்ணா, அந்த எண் உங்கள் கணினிக்கும் பக்கத்தில் இருக்கும் மோடத்துக்கும் இடையே உள்ள கேபிளின் வேகம். சில மோடங்கள் இணைந்ததும் கம்பியின் வேகத்தைச் சொல்லாமல் போர்ட்டின் வேகத்தையே சொல்லும். அதை மாற்றும் கட்டளை மோடத்தின் கையேட்டில் இருக்கும். காரணமும் எளிது: நம் கம்பியிலிருந்து இணைப்பகத்துக்குப் போகும் அலை அங்கே எண்ணாக மாற்றப்படும்போது ஒரு சிறு துல்லியம் இழக்கப்படுகிறது. சேவை நிறுவனம் எண்ணாகவே அனுப்பும் திசையில் அந்த இழப்பு இல்லை. இரு முனையும் அலைவடிவில் இருந்தால் எந்தத் திசையிலும் இழப்பைத் தவிர்க்க வழியில்லை.

பழையமோடம்:
கோப்பு நகலாகும் நேரத்தை அளந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

கிடங்குக்கணினி:
எம்கெட்டி போட்டு, ஆட்டோபிபிபி வரியின் # குறியையும் நீக்கினேன். டெர்மினல் சன்னலில் லாகின் தெளிவாக வந்தது. அந்தச் சன்னல் இல்லாமல் டயல் செய்தபோது பதிவுக் கோப்பில் இப்போது பிபிபிடியின் வரிகள் நிறைய வருகின்றன; கடைசியில், எதிர்முனை அடையாளம் காட்ட மறுத்ததால் இணைப்பை முடிப்பதாக ஆங்கிலத்தில் ஒரு வரி.

மின்வழி:
நல்ல முன்னேற்றம். இணைப்பின் பண்புகளில் சர்வர் வகைகள் என்ற தாளைத் திறந்து, கடவுச்சொல் மறையாக்கம் பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டத்தில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆட்டோபிபிபி வரியின்படி உங்கள் சர்வர் பாப் முறையில், அதாவது மறையாக்கம் இல்லாமல், கடவுச்சொல்லைக் கேட்கிறது. அந்தக் கட்டம் குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் பாப் முறையை மறுத்துவிடும்.

கடவுச்சொல்லைக் கம்பியில் அனுப்பாமலே சரிபார்க்கும் சாப் முறை பாதுகாப்பானதாயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். சர்வரில் ஏற்கெனவே உள்ள பயனர் கணக்குகளைக் கொண்டே அனுமதிக்க வேண்டுமானால் அது ஆகாது. கணக்குகளின் கடவுச்சொற்களைக் காக்கும் ஷேடோ கோப்பில் கடவுச்சொல் திருப்ப முடியாதபடி உருமாற்றப்பட்டு இருக்கிறது. சாப் முறைக்கோ இரு முனையிலும் மூலக் கடவுச்சொல் தேவை. சாப் வேண்டுமென்றால் சாப்-சீக்ரெட்ஸ் கோப்பில் அதைத் தனியே எழுதிவைத்து, ரூட் (நிர்வாகி) தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி காக்க வேண்டும். பாப்-சீக்ரெட்ஸ் கோப்பில் எல்லோருக்கும் பொதுவாக நட்சத்திரக் குறியிட்டு வைக்காமல், கிடங்குக்கென்று ஒரு பயனரை உருவாக்கி அந்தப் பெயரை மட்டும் எழுதுங்கள். தொலைபேசி எண் தெரிந்த எவரும் கதவைத் தட்டலாம் என்பதை மறக்க வேண்டாம்.

கிடங்குக்கணினி:
குறியை எடுத்ததும் இணைந்துவிட்டது, மிக்க நன்றி. கிடங்கிலிருந்து சர்வருக்கு பிங் (எதிர்முனையை எட்ட முடிகிறதா என்னும் சோதனை) போகிறது. ஆனால் அலுவலகத்தின் மற்றக் கணினிகளுக்குப் போகவில்லை. கணக்கு மென்பொருள் அவற்றில் ஒன்றில்தான் இருக்கிறது. பதிவில் பிராக்ஸிஆர்ப்புக்கு ஈதர்நெட் முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்று வருகிறது.

நெல்லைவாசி:
டயல் செய்பவருக்கு என்ன ஐபி எண் கொடுத்திருக்கிறீர்கள்? அலுவலகப் பிணையத்தின் எண்கள் என்ன?

கிடங்குக்கணினி:
அலுவலகம் 192.168.1 வரிசை. கிடங்குக்கு 192.168.2.50 கொடுத்தேன்; தனியாக இருக்கட்டும் என்று.

மின்வழி:
அதுதான் காரணம். கிடங்கின் கணினி அலுவலக ஈதர்நெட்டில் இல்லை; ஆனாலும் அதன் எண்ணை அங்குள்ள ஒரு கணினி தேடும்போது, 'அது என்னிடம் இருக்கிறது' என்று சர்வர் தன் அட்டையின் முகவரியைக் கொடுத்து வாங்கிக்கொள்வதே பிராக்ஸிஆர்ப். எண் வேறு வரிசையில் இருந்தால் எந்த அட்டையின் சார்பில் விடை சொல்வது என்று பிபிபிடிக்குத் தெரியாது. மற்றக் கணினிகளும் அந்த எண்ணை ஈதர்நெட்டில் தேடாமல் தங்கள் கேட்வேக்கு (பிற பிணையங்களுக்கான வாயிலுக்கு) அனுப்பிவிடும். 192.168.1 வரிசையிலேயே யாருக்கும் கொடுக்காத ஓர் எண்ணைக் கொடுங்கள். சர்வரில் ஐபி ஃபார்வர்டு 1 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள்; 0 ஆக இருந்தால் ஒரு பக்கம் வந்த பொதியை மறுபக்கம் அனுப்பாது.

இணைந்தபின்னும் விண்டோஸின் நெட்வொர்க் நெய்பர்ஹுட்டில் அலுவலகக் கணினிகளின் பெயர்கள் தெரியாமல் போகலாம். பெயரைக் கூவித் தேடும் அழைப்புகள் டயல்-அப் இணைப்பைக் கடந்து போவதில்லை. கிடங்கின் கணினியில் விண்டோஸ் கோப்புறைக்குள் எல்எம்ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பை, பெயருக்குப் பின் எந்த நீட்சியும் இல்லாமல் உருவாக்கி, கணக்கு மென்பொருள் உள்ள கணினியின் எண்ணையும் பெயரையும் எழுதுங்கள்.

கிடங்குக்கணினி:
எண்ணை மாற்றி, ஃபார்வர்டையும் இயக்கினேன். கணக்கு திறக்கிறது. அனைவருக்கும் நன்றி.

புதுவைப்பயனர்:
எனக்கும் இதே சிக்கல், ஆனால் விண்டோஸ் 2000. இணைகிறது, பிறகு துண்டித்துவிடுகிறது. யாராவது உதவ முடியுமா?

நெல்லைவாசி:
பிழை எண், மோடம், சர்வரின் கெட்டி நிரல், பிபிபிடியின் பதிவு, இருபுறமும் உள்ள ஐபி எண்கள் ஆகியவற்றோடு தனி இழை ஒன்று தொடங்குங்கள் நண்பரே. பதிவில் பிபிபிடியின் வரி வருகிறதா இல்லையா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.