டைப் 1 நீரிழிவு உள்ள மகள் ஓட்டப்பந்தயத்தில் தொடரலாமா?

கேள்வி: கரூர்_அம்மா

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளி அணியில் 400 மீட்டர் ஓடி வந்தாள். சென்ற ஆண்டு அவளுக்கு டைப் 1 நீரிழிவு இருப்பது தெரியவந்து, இப்போது ஒவ்வொரு வேளையும் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். தாராளமாக ஓடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பள்ளியிலோ, மைதானத்தில் மயங்கி விழுந்தால் யார் பொறுப்பேற்பது என்று கேட்டு அவளை அணியிலிருந்து விலக்கிவிட்டு, மற்ற பிள்ளைகள் ஓடும்போது ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் நாளை வரன் அமையாது என்று வீட்டுப் பெரியவர்கள் வேறு அஞ்சுகிறார்கள். இந்த நோயோடு உயர்ந்த நிலையில் விளையாடியவர்கள் உண்டா? பிற்காலத்தில் வேலைக்குப் போவதற்கு இது தடையாகுமா?

பதில் 1: வலைக்கு_அருகில்

அம்மா, பள்ளிப் பருவத்திலிருந்தே இன்சுலின் போட்டுக்கொண்டு இன்றும் கைப்பந்து ஆடுபவன் நான். உங்கள் மகள் ஓடத்தான் வேண்டும்.

அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு 1999இல் டைப் 1 நீரிழிவு கண்டறியப்பட்டபோது, அவருடைய நீச்சல் வாழ்க்கை முடிந்துவிட்டது என்றே சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டே சிட்னி ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டவர், 2004இல் ஏதென்ஸிலும் அதே போட்டியில் தங்கம் வென்றார். நம் ஊர்க் கிரிக்கெட் ரசிகர்கள் நன்கறிந்த வாசிம் அக்ரமுக்கு இந்நோய் தெரியவந்தது 1997இல். ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் வீழ்த்திய முதல் பந்துவீச்சாளர் என்ற பெருமையை அவர் 2003 உலகக் கோப்பையில் எட்டினார்.

டென்னிஸ் வீரர் அலெக்சாண்டர் ஸ்வெரெவையும் மகளுக்குக் காட்டுங்கள். சிறுவயது முதலே இந்நோயோடு வாழும் அவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்றவர். 2023 பிரெஞ்ச் ஓப்பனில், ஊசி போடுவதற்குக் களத்தைவிட்டு வெளியே போகும்படி கேட்கப்பட்டபோது, அதை வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார். என் பார்வையில் அவருடைய வெற்றிகளைவிட இது முக்கியமானது. ஏனென்றால், நோயை மறைத்து விளையாடும் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கும்போது, பக்கத்தில் நிற்பவருக்கு என்ன செய்வதென்றே தெரியாமல் போகும்.

பதில் 2: தடகளப்_பயிற்சியாளர்

என்னிடம் பயிற்சி பெறுபவர்களிலும் டைப் 1 உள்ள பிள்ளைகள் உண்டு. பொதுவாக, ஓடத் தொடங்குமுன் இரத்தச் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது மாவுச்சத்து கொடுத்து, அது ஏறிய பிறகே களத்தில் இறக்குவோம். 250க்கு மேல் இருந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) அளவைப் பார்க்காமல் ஓடவிட மாட்டோம். உங்கள் மகளுக்கான எல்லைகளை மருத்துவரே எழுதிக் கொடுக்கட்டும்.

400 மீட்டரில் ஒரு தனித்தன்மை உண்டு. நீண்ட தூர ஓட்டம் பெரும்பாலும் சர்க்கரையை இறக்கும். முழு வேகத்தில் ஓடும் குறுகிய ஓட்டமோ, போட்டிப் பதற்றத்தில் அட்ரினலின் சுரப்பதால், அதைச் சற்று நேரம் ஏற்றிவிடலாம். அந்த எண்ணைக் கண்டு பயந்து உடனே கூடுதல் இன்சுலின் போட்டால், சில மணி நேரத்தில் அளவுக்கு மீறி இறங்கிவிடும் ஆபத்து உண்டு. மாலைப் பயிற்சி முடிந்த நாளின் இரவுதான் உண்மையில் கவனம் தேவைப்படும் நேரம். உழைத்த தசைகள் பல மணி நேரம் வரை இன்சுலினுக்குக் கூடுதலாக இணங்குவதால், தூக்கத்தில் சர்க்கரை இறங்கக்கூடும். படுக்கப் போகுமுன் அளவு பார்ப்பதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

பதில் 3: மனிதவளத்_துறை

வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இராணுவம் போன்ற சில பணிகளின் உடற்தகுதி விதிகள் இந்நோய் உள்ளவர்களை ஏற்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஹீமோபிலியாவும் தலசீமியாவும் உண்டு, டைப் 1 நீரிழிவு இல்லை. ஆகவே இடஒதுக்கீட்டை நம்பியிருக்க முடியாது. பெரும்பாலான பணிகளில் அது தேவையும் இல்லை. பிரிட்டனில் 2012 முதல் இன்சுலின் போடும் விமானிகளும் பயணிகள் விமானம் ஓட்டுகிறார்கள், பறக்கும்போது மணிக்கொரு முறை சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும் என்ற விதியோடு. அப்படியிருக்க, ஊசிக்கும் உணவுக்கும் உரிய நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கித் தருவது எந்த அலுவலகத்துக்கும் பாரமாகாது.

மகள் பெரிய போட்டிகளுக்குப் போகும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இன்சுலின் இருக்கிறது. சிகிச்சைக்காகப் போடுபவர்கள் உரிய விலக்கு அனுமதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கரூர்_அம்மா

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன். அவளுடைய பையில் கடலை மிட்டாய் வைத்து அனுப்பினால் போதுமா?

தடகளப்_பயிற்சியாளர்

போதாது அம்மா. கடலையில் உள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும், சாக்லேட்டும் அப்படித்தான். குளுக்கோஸ் பொடியை 15 கிராம் பொட்டலங்களாகக் கட்டி, ஒன்றை அவள் பையிலும், ஒன்றை உடற்கல்வி ஆசிரியரிடமும், ஒன்றை அவளுடன் ஓடும் தோழியிடமும் கொடுத்து வையுங்கள். கை நடுங்கினாலோ, திடீரென்று வியர்த்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்லுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளவு பார்க்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்பதை ஆசிரியரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.