புதுத் தொட்டியில் ஃபைட்டர்: பெங்களூரு தண்ணீரில் சைக்ளிங் அனுபவங்கள்

அல்சூர், காவிரித் தண்ணீர், 20 லிட்டர் தொட்டி

"ஃபைட்டரை விட்டுப் பத்து நாள் ஆச்சு, மீன் நல்லா இருக்கு, தண்ணீரும் தெளிவா இருக்கு, சைக்கிள் முடிஞ்சதா?" இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. முடியவில்லை. சைக்கிள் என்பது, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டியில் பெருகி நிலைப்பது. தண்ணீர் கெட்டால் கப்பி மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், அதைப் பார்த்தே சுதாரித்துக்கொள்ளலாம். ஃபைட்டருக்கு வெளிக்காற்றைச் சுவாசிக்கும் லாபிரிந்த் உறுப்பு இருப்பதால் அது எப்போதுமே மேலே வந்து காற்றை இழுக்கிற மீன். அந்த அடையாளம் இங்கே உதவாது. காற்று கிடைத்தாலும் அம்மோனியா செவுளை அரிப்பது நிற்பதில்லை.

பார்க்க வேண்டியது வேறு. செவுள் மூடியின் ஓரம் சிவந்து, முழுதாக மூடாமல் நிற்கும். துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு ஹீட்டருக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும். வால் நுனி தீய்ந்ததுபோல் கறுக்கும். இரை போட்டால் வாயில் வாங்கித் துப்பும். இதில் ஒன்று தெரிந்தாலும் அப்போதே தண்ணீரை டெஸ்ட் செய்யுங்கள்.

மீன் உள்ளே இருக்கும்போது முதல் ஐந்தாறு வாரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு மூன்று பெல்லட் போதும். தின்னாமல் விழுந்ததை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தினமும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் டெஸ்ட் செய்து கூட்டுங்கள். கூட்டுத்தொகை 0.25 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வந்தால் கால் பங்கு, 0.5 வந்தால் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை நீக்கும் திரவம் சீகெம் ப்ரைம் என்றால் 200 லிட்டருக்கு 5 மில்லி, அதாவது 20 லிட்டருக்கு அரை மில்லி. 1 மில்லி சிரிஞ்ச் இருந்தால் அளவு தப்பாது.

கோட்டை விடுகிற இடம் மூன்றாவது வாரம். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா முதலில் பெருகும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் நைட்ரோஸ்பைரா மெதுவாகத்தான் வரும். அம்மோனியா பூஜ்யம் காட்டுகிற அதே நாட்களில் நைட்ரைட் ஏறிக்கொண்டிருக்கும். அம்மோனியாவை மட்டும் பார்த்துத் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினால் மீன் போய்விடும்.

ஹொரமாவு, போர்வெல்

அல்சூர்க்காரர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போர்வெல், டேங்கர் தண்ணீர் என்றால் முதலில் குழாய்த் தண்ணீரையே டெஸ்ட் செய்யுங்கள். நிலத்தடி நீரிலேயே நைட்ரேட் இருக்கலாம். அது தெரியாமல் இரண்டாவது நாளே 20 பிபிஎம் பார்த்து, "நைட்ரேட் வந்துடுச்சு, சைக்கிள் முடிஞ்சது" என்று நம்பிவிடுகிறார்கள். நைட்ரேட் இருப்பது கணக்கில் வராது. குழாய்த் தண்ணீரில் இருந்ததைவிட ஏறுகிறதா என்பதுதான் கணக்கு. ஏபிஐ டெஸ்ட் கிட்டில் இரண்டாவது நைட்ரேட் பாட்டிலை முப்பது விநாடி நன்றாகக் குலுக்காவிட்டால் குறைவாகத்தான் காட்டும்.

டிடிஎஸ் மீட்டரை நம்பவே வேண்டாம். அது கரைந்த உப்பு மொத்தத்தைச் சொல்லும், அம்மோனியாவைச் சொல்லாது.

அம்மோனியாவின் வீரியம் பிஹெச்சைப் பொறுத்தது. 25 டிகிரியில் பிஹெச் 7 என்றால் கிட்டில் தெரியும் மொத்தத்தில் 0.6 சதவீதம்தான் நஞ்சான வடிவம். பிஹெச் 8 என்றால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். அதே 0.5 பிபிஎம், போர்வெல் தொட்டியில் பல மடங்கு ஆபத்து.

அதற்குப் பயந்து வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவதும் தப்பு. பாக்டீரியா வேலை செய்யும்போது கேஹெச்சை (பிஹெச் சரியாமல் தாங்கும் கார்பனேட் அளவு) கரைத்துக்கொண்டே போகும். ஆர்ஓவில் கேஹெச் கிட்டத்தட்ட இல்லை, ஆகவே பிஹெச் 6-க்கு அருகில் சரிந்து, சைக்கிள் அப்படியே நின்றுவிடும். பாதி ஆர்ஓ, பாதி போர்வெல் கலந்தால் போதும். ஆர்ஓ மட்டும் ஊற்றி மாட்டிக்கொண்டவர்கள் 20 லிட்டருக்கு 2 கிராம் ஆப்ப சோடா போட்டால் கேஹெச் சுமார் 3 டிகிரி ஏறும். தண்ணீர் மாற்றி அம்மோனியாவைக் குறைத்த பிறகு, மூன்று நாளாகப் பிரித்துப் போடுங்கள். ஒரேயடியாகப் போட்டால் பிஹெச் ஏறி, இருக்கிற அம்மோனியாவே மீனைத் தாக்கும்.

கே.ஆர். புரம்

மீனை உள்ளே வெச்சு சைக்கிள் பண்றதே வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஐந்து லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஃபைட்டரை வைங்க. மூடியில ஓட்டை போடுங்க, தண்ணிக்கு மேல ரெண்டு இஞ்ச் காற்று இருக்கட்டும். தினமும் முழுத் தண்ணியும் மாத்துங்க, குளோரின் எடுத்த, அதே சூட்டில் இருக்கிற தண்ணி. மீனுக்குக் கஷ்டமில்ல.

மீன் இல்லாத தொட்டியில பாக்டீரியாவுக்குத் தீனி அமோனியம் குளோரைடு. 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு வெச்சுக்குங்க. அதுல 12.5 மில்லி எடுத்து 20 லிட்டரில் விட்டா சுமார் 2 பிபிஎம் அம்மோனியா வரும். 24 மணி நேரத்துல அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் ஆனா தொட்டி ரெடி. பாதிக்கு மேல தண்ணி மாத்தி, நைட்ரேட்டை இறக்கிட்டு மீனை விடுங்க. ஓடுற தொட்டி யார்கிட்டயாவது இருந்தா, அவங்க ஸ்பாஞ்சுல ஒரு துண்டு வாங்கி உங்க ஃபில்டர் மேல சுத்துங்க. பாட்டில் பாக்டீரியாவை விட நான் அதைத்தான் நம்புவேன்.

டிசம்பர், ஜனவரியில் இங்க ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும். ஹீட்டர் இல்லாத தொட்டியில் பாக்டீரியா ரொம்ப மெதுவாத்தான் பெருகும், மீனும் அடியில சுருண்டுக்கும். 20 லிட்டருக்கு 25 வாட், 26 டிகிரி. தண்ணி எடுக்கும் முன்னாடி பிளக்கைப் பிடுங்கி கால் மணி நேரம் ஆற விடுங்க, இல்லேன்னா ஹீட்டர் கண்ணாடி விரிசல் விடும்.

மறுபடியும் அல்சூர்

டப்பா முறை நல்லதுதான், கே.ஆர். புரம் சார். ஆனால் ஏற்கெனவே மீனை விட்டுவிட்டவர்களிடம் நைட்ரைட் ஏறியிருந்தால், 20 லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு கரைத்து விடலாம். நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் போய் அதைப் பழுப்பாக்கி, பிராணவாயுவைச் சுமக்க விடாமல் செய்யும். உப்பிலுள்ள குளோரைடு அந்த வழியை அடைக்கும். உப்பு ஆவியாகாது. பாதித் தண்ணீர் மாற்றினால் 1 கிராம்தான் திரும்பப் போட வேண்டும்.

கரெண்ட் போனால் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் ஓட்டம் நின்று பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டும். பவர் பேங்கில் ஓடும் யுஎஸ்பி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். ஸ்பாஞ்சை ஒருபோதும் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே, பக்கெட்டில் வைத்து இரண்டு தரம் பிழிந்தால் போதும். பிழிந்த பிறகும் அது பழுப்பாகத்தான் இருக்க வேண்டும்.