பழைய கார் எஞ்சினில் கசடு: ஃபிளஷ், ஆடிட்டிவ் ஊற்றியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

செந்தூல், கோலாலம்பூர்

இருபது வயதைத் தாண்டிய கார் வைத்திருக்கும் எல்லாரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறோம். எஞ்சினுக்குள் படிந்த கசடை எடுக்க ஃபிளஷ் டின் ஊற்றலாமா, கூடாதா? ஊற்றினால் எஞ்சின் புதுசாகிவிடும் என்பவர்களும் உண்டு, ஊற்றினால் எஞ்சின் போச்சு என்பவர்களும் உண்டு. நான் பார்த்த வரையில் இரண்டும் நடக்கும். எது நடக்கும் என்பதை உள்ளே ஏற்கனவே எவ்வளவு கிடக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய 1996 புரோட்டோன் வீரா 1.5. அப்பா சர்வீஸில் கறாரானவர். ஆனால் ஓய்வுபெற்ற பிறகு கோயில், சந்தை, கிளினிக் என்று பக்கத்து ஓட்டம் மட்டும்தான். ‘கார் ஓடவே இல்லையே, ஆயில் எதுக்கு மாத்தணும்’ என்று விட்டுவிட்டார். கசடு கட்டுவது இப்படித்தான். எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பே அணைத்துவிட்டால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகி வெளியே போகாது. எரியாத பெட்ரோலும் ஆயிலில் இறங்கும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் புகையும் அதோடு சேரும். முதலில் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் ஒட்டும், அப்புறம் அதன்மேல் கருப்பாகக் கெட்டிப்படும்.

நம்ம ஊர் டிராஃபிக் ஜாமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஜாலான் கூச்சிங்கில் நகராமல் நிற்கும்போது மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது, ஆயில் மட்டும் வெந்துகொண்டே இருக்கும். கார் கையேட்டில் இதைக் கடுமையான பயன்பாடு என்று தனியாகப் போட்டு, ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

கார் என் கைக்கு வந்தபோது காலையில் ஸ்டார்ட் செய்தால் மேலே டிக்டிக் என்று சத்தம். ஆயிலும் அளவுக்கு மீறிக் குறைந்தது. ஒரு பட்டறையில் பார்த்த உடனே, ‘பாஸ், ஒரு டின் ஃபிளஷ் ஊத்தி எடுத்துடுவோம்’ என்றார்கள். ஆயில் ஊற்றும் மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சிகாம்புட்டில் அப்பாவுக்குப் பழக்கமான வயதான சீன ஃபோர்மனிடம் போனேன். அவர் முதலில் எஞ்சின் தலையை மூடியிருக்கும் ராக்கர் கவரைக் கழற்றினார்.

வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஓடும் இடம் பழுப்பேறிப் பளபளவென்று இருந்தது. அது பரவாயில்லை. ஆனால் மூலைகளிலும் ஆயில் கீழே இறங்கும் ஓட்டைகளைச் சுற்றியும் கருப்பாக அப்பிக் கிடந்தது. சாத்தே குச்சியால் சுரண்டினால் மேலே பிசுபிசுப்பு, அடியில் பொரபொரவென்று உதிரும் கரி. அதை விரலில் தேய்த்துக் காட்டி, ‘இதுதான் ஆபத்து’ என்றார். பிசுபிசுப்பு கரைந்து ஆயிலோடு ஓடிவிடும். இந்தக் கரி கரையாது, பெயர்ந்து எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் விழும். அங்கே ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கிறது. வலை அடைத்தால் மேலே ஆயில் ஏறாது.

சம்பையும் இறக்கச் சொன்னேன். வலையில் பாதிக்கு மேல் காப்பி வடிகட்டியில் மிஞ்சும் சக்கை மாதிரி அடைத்திருந்தது. அந்த நிலையில் ஒரு டின் ஃபிளஷ் உள்ளே போயிருந்தால் மீதியும் ஒரேயடியாக அடைத்திருக்கும். சம்பையும் வலையையும் கழுவி, மேலே கைக்கெட்டியதைச் சுரண்டி எடுத்து, எஞ்சினுக்குள் சேரும் புகையை வெளியே இழுக்க வழிவிடும் பி.சி.வி. வால்வைப் புதிதாக மாற்றினோம். அது அடைத்துக்கொண்டால் புகையும் ஈரமும் உள்ளேயே தங்கிக் கசடு சீக்கிரம் சேரும். கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். என்னுடையது ஆடவே இல்லை. விலை குறைந்த சாமான்தான், பலர் எஞ்சின் வாழ்நாள் முழுக்க மாற்றுவதில்லை.

ஃபிளஷ் ஊற்றவே இல்லை. நல்ல 10டபிள்யூ-40 ஆயில், புது ஃபில்டர், ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடியும் இரண்டையும் மாற்றுவது. இதைச் சில சுற்று செய்தோம். எஞ்சின் ஆயிலிலேயே அழுக்கைக் கழற்றும் மருந்தும், கழன்றதைப் படியவிடாமல் மிதக்க வைக்கும் மருந்தும் இருக்கின்றன. 2020-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரத்து ஆயிலை (டின்னில் API SP என்று போட்டிருக்கும்)ப் பழைய பெட்ரோல் காருக்கும் தாராளமாக ஊற்றலாம். முதல் சுற்றில் ஆயில் சீக்கிரமே கருத்துவிட்டது. வீட்டில் பயந்தார்கள். அழுக்கு சுவரிலிருந்து ஆயிலுக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆடிட்டிவ், அதாவது ஆயிலோடு கலந்து ஓட்டும் மருந்து, எஸ்டர் கலந்த, மெதுவாக வேலை செய்யும் வகை ஒன்றைக் கடைசிச் சுற்றில்தான் சேர்த்தார் ஃபோர்மன்.

பலன்: டிக்டிக் சத்தம் ஸ்டார்ட் செய்த சில வினாடிகளில் அடங்கிவிடுகிறது. ஆயில் குறைவது நன்றாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. எஞ்சின் அடியில் சுழலும் கிராங்க் தண்டின் முன்பக்க ஆயில் சீலில் புதிதாக ஒரு கசிவு தொடங்கியது. இத்தனை நாள் கசடே அதை அடைத்து வைத்திருந்ததாம். டைமிங் பெல்ட் மாற்றும் வேளையில் சீலையும் மாற்றிவிட்டோம்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், குறிப்பாக ஃபிளஷ் ஊற்றி நல்லபடியாக முடிந்தவர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

தம்பி சரியாகச் சொன்னார். நான் கோலாலம்பூரில் டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவன். அப்போது எங்களில் பலருடைய காடி என்.ஜி.வி. எரிவாயுவில் ஓடியது. அதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எரிவாயுவில் ஓடினால் கரி குறைவு, டிப்ஸ்டிக்கில் ஆயில் தேன் நிறத்திலேயே நிற்கும். ‘இன்னும் சுத்தமாத்தானே இருக்கு’ என்று மாற்றாமல் ஓட்டினவர்கள் ஏராளம். உள்ளே சூட்டில் அது கெட்டியாகிக்கொண்டே போகும், நிறத்தில் தெரியாது. நிறத்தைப் பார்த்து ஆயில் மாற்றுவது தப்பு.

ஃபிளஷ் பற்றிக் கேட்டதால் என் நண்பருக்கு நடந்ததைச் சொல்கிறேன். டின் வாங்கக்கூட இல்லை. ஒரு பட்டறையில் பழைய ஆயிலோடு டீசலை ஊற்றி, ‘கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வா, நல்லா கழுவும்’ என்று அனுப்பிவிட்டார்கள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் அங்காசாபுரி தாண்டும்போது ஆயில் விளக்கு மினுக்கியது. பயணி பின்னால் உட்கார்ந்திருக்கிறார், பெட்டாலிங் ஜெயா பக்கம்தான் என்று அவர் நிறுத்தாமல் போனார். இறக்கிவிட்டுத் திரும்பும்போது அடியில் டொக்டொக் என்று தட்டியது. பேரிங் போய், கிராங்கிலும் கோடு விழுந்துவிட்டது. டீசலோ மண்ணெண்ணெயோ ஆயிலைத் தண்ணீராக்கிவிடும், பேரிங்குக்கு நடுவே நிற்க வேண்டிய படலம் நிற்காது. அவர் ஹாஃப் கட் எஞ்சின், அதாவது பாதியாக வெட்டி விற்கும் பழைய காரின் எஞ்சின், வாங்கிப் போட்டார். பல மாத வருமானம் போச்சு. இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த நேரம். இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். யார் பின்னால் இருந்தாலும் சரி.

ஜெலுத்தோங், பினாங்கு

நான் பட்டறை வைத்திருக்கிறேன். ஃபிளஷ் விற்கிறேன், ஊற்றுகிறேன், ஆனால் எல்லா வண்டிக்கும் இல்லை. ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். இரும்பு தெரிந்தால், பழுப்பு மட்டும் இருந்தால், தாராளமாக ஊற்றலாம். பழைய ஆயிலைச் சூடேற்றி, டின்னில் எழுதிய அளவுக்கு ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா ஐடிலில் விட வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தொடக்கூடாது, ரோட்டில் எடுக்கவே கூடாது. சூட்டோடு வடித்து ஃபில்டரையும் மாற்ற வேண்டும். அப்படிச் செய்த வண்டிகளில் எனக்கு ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. செந்தூல் அண்ணன் கேட்ட நல்ல அனுபவம் இதுதான். அண்மையில்கூட பழைய கஞ்சில் கார் ஒன்றுக்கு ஊற்றினேன். வடித்த ஆயில் தார் நிறத்தில் வந்தது, ஐடில் அன்றைக்கே மிருதுவாகிவிட்டது.

மூடிக்குள் இரும்பே தெரியாமல் கருப்பாக இருந்தால் டின்னை எடுக்க மாட்டேன். கஸ்டமர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனாலும் சரி. சம்பை இறக்குவதுதான் முதல் வேலை. மூடியின் அடியில் பால் கலந்த மாதிரி வெளுப்பாக இருந்தால் இன்னும் கவனம். குறுகிய ஓட்டத்து ஈரமாகவும் இருக்கலாம், எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய் கூலண்ட் கலப்பதாகவும் இருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று பார்க்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

ஆயில் குறைகிறது என்றதும் ஆடிட்டிவ் கேட்டு வருகிறார்கள். எங்கே எரிகிறது என்று முதலில் தெரிய வேண்டும். இரவெல்லாம் நிறுத்திக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்தால், அல்லது கெந்திங் மாதிரி நீண்ட இறக்கத்தில் காலை எடுத்து இறங்கிவிட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தால், பெரும்பாலும் வால்வ் சீல். ரப்பர் காய்ந்துபோனதை மருந்து ஊற்றிப் பழையபடி ஆக்க முடியாது. ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங் பக்கம். அதிலும் இரண்டு வகை உண்டு. ஆயில் ரிங்குக்குப் பின்னால் ஆயில் திரும்பி இறங்கும் சின்ன ஓட்டைகள் கரியில் அடைத்திருந்தால், மெதுவாகக் கழுவும் ஆடிட்டிவும் அடிக்கடி ஆயில் மாற்றுவதும் நிஜமாகவே உதவும். ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருந்தால் எதை ஊற்றினாலும் காசுக்குத்தான் கேடு. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் அளவு ஏறுகிறதா? அப்படியானால் ரிங்தான்.

இன்னொன்று: வீட்டில் ஆயில் மாற்றுபவர்கள் வடித்ததை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள். பழைய ஆயில் நம் நாட்டுச் சட்டத்தில் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் வரும் அட்டவணைக் கழிவு. பக்கத்துப் பட்டறையில் கொடுத்தால் டிரம்மில் சேர்த்துக்கொள்வார்கள்.

புக்கிட் மெர்தாஜாம்

அண்ணே, என் முதல் தலைமுறை மைவி காருக்கு ஐடில் ஏறி இறங்கி ஆடியது. எஞ்சின் ஆயில் ஆடிட்டிவ் ஊற்றச் சொல்லிக் கடையில் கையில் கொடுத்தார்கள். ஊற்றியும் ஒன்றும் மாறவில்லை. கடைசியில் எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியைக் கழற்றித் துடைத்ததும் சரியாகிவிட்டது. கருப்பு அங்கேதான் இருந்தது. அப்படியானால் ஆயிலில் ஊற்றுவது இன்ஜெக்டர், வால்வ் பக்கம் போகவே போகாதா?

ஜெலுத்தோங், பினாங்கு

போகாதும்மா. ஆயில் ஓடும் இடத்தை மட்டும்தான் ஆயில் ஆடிட்டிவ் தொடும். இன்ஜெக்டர், இன்டேக் வால்வ், பிஸ்டன் தலை, இதெல்லாம் பெட்ரோல் பக்கம். அதற்கு டாங்கியில் ஊற்றும், பி.இ.ஏ. என்ற கரி கழற்றும் மருந்து உள்ள கிளீனர் வேண்டும். கால்டெக்ஸ் பெட்ரோலில் டெக்ரான் என்று கலந்து வருவதும் அந்தப் பக்கத்து மருந்துதான். உங்கள் மைவி மாதிரி இன்டேக் வழியில் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சினில் அது வால்வின் பின்பக்கத்தைக் கழுவும். நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் புது வண்டிகளில் அந்த வால்வைப் பெட்ரோல் தொடுவதே இல்லை, கழற்றித்தான் சுத்தம் செய்யணும். த்ராட்டில் பாடிக்குத் தனி ஸ்ப்ரே இருக்கிறது.

செந்தூல், கோலாலம்பூர்

ஜெலுத்தோங் அண்ணன் சொன்ன கம்ப்ரஷன் சோதனையை என் வீராவுக்கு இந்த வாரமே செய்யச் சொல்லியிருக்கிறேன். மிச்சம் குறையும் ஆயில் ரிங்கிலா, வால்வ் சீலிலா என்று தெரிந்ததும் அளவுகளை இங்கேயே போடுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் அங்கிள், என்.ஜி.வி. காடிக்கு அப்போது எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். முன்பு எரிவாயுவில் ஓட்டிய சித்தப்பா ஒருவர் கேட்கிறார்.